எஞ்சி நிற்கும் வினை

ஆங்கில இலக்கணத்தில் 'கிளாஸ்' எனப்படுவது தனக்கென ஓர் எழுவாயையும் காலங்காட்டும் ஒரு வினையையும் உடைய சொற்கூட்டம். அது தன்னளவில் நின்றால் முதன்மை வாக்கியம், இன்னொன்றைச் சார்ந்து நின்றால் துணைவாக்கியம். மூடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்த அச்சொல், மேடைப்பேச்சில் ஒரு நெடுந்தொடரை முடித்துவைக்கும் பகுதியைக் குறித்துவந்து, பின்னர் வாக்கியத்தின் உறுப்புக்கும் ஒப்பந்தத்தின் ஒரு விதிக்கும் பெயராயிற்று. தமிழ் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவதில்லை. பத்திரத்தில் வருவது ஷரத்து; நிபந்தனையைக் குறிக்கும் அரபுச் சொல் ஆவண எழுத்தரின் கைக்கு வந்து தமிழாகிவிட்ட வடிவம் அது. இலக்கணத்தில் அந்த இடத்தில் நிற்பது எச்சம், அதாவது முடியாமல் எஞ்சி நிற்கும் வினை. ஒரு மொழி மூடுதலால் பெயரிட்ட உறுப்பை இன்னொரு மொழி முடியாமையால் பெயரிட்டிருக்கிறது என்பது அகராதியோடு நின்றுவிடும் வேடிக்கை போலத் தோன்றலாம். ஆனால் இரண்டு மொழிகளும் ஒரே அறிவிப்புப் பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதப்படும் இடங்களில் அந்த வேறுபாடு ஆளின் கைக்கும் கூலிக்கும் வந்து சேர்கிறது.

அத்தகைய இடங்களில் ஒன்று கும்மிடிப்பூண்டி. 1997இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்து உருவான திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று கூடூர் நோக்கிப் போகும் இரயில் பாதையில், ஆந்திர எல்லைக்கு அருகே இருக்கிறது இவ்வூர். 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இங்கே அமைத்த தொழில் வளாகத்தில் இரும்பு உருக்கும் உலைகளும் ரோலிங் மில்களும் வார்ப்படப் பட்டறைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. உள்ளூர்த் தமிழும் எல்லைத் தெலுங்கும் முன்பே கலந்திருந்த ஊரில் இப்போது ஒடியாவும் இந்தியும் போஜ்புரியும் வங்காளமும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சேர்ந்து ஒலிக்கின்றன. இவர்கள் எல்லோருக்கும் மேலாக, பர்மிட்டிலும் கேட் பாஸிலும் நியமனக் கடிதத்திலும், தாய்மொழியாகப் பேசுவோர் இல்லாத மொழியாக ஆங்கிலம் அச்சில் ஆட்சி செய்கிறது.

தமிழ் வாக்கியத்தின் அமைப்பை ஒரு சொல்லில் கூறவேண்டுமானால், அது பெரும்பாலும் ஒரே முற்றைக் கொண்டு முடிவது என்று கூறலாம். முற்று என்பது எழுவாயின் திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டி முடியும் வினை. அதற்கு முன் எத்தனை செயல்கள் நிகழ்ந்தாலும் அவை வினையெச்சங்களாகவோ பெயரெச்சங்களாகவோ குறைப்பட்டு நின்று, கடைசியில் வரும் முற்றுக்காகக் காத்திருக்கும். இக்குறைவினைகளைத் தொல்காப்பியர் செய்து, செய்தென, செயின், செய என்பன போன்ற ஒன்பது வாய்பாடுகளில் வகுத்தார். நன்னூலார் பன்னிரண்டாகக் கண்டார். வாய்பாடு என்பது எந்த வினைக்கும் பொருந்தும் அச்சு. 'செயின்' என்ற அச்சில் இன்றைய 'செய்தால்' அடங்கும், 'செய' என்ற அச்சில் 'பெய்ய', 'திறக்க' ஆகியவை அடங்கும். ஆங்கிலமோ துணைவாக்கியத்துக்கும் முழு வினையை, காலத்தோடும் எழுவாயோடும் கொடுத்துவிட்டு, 'இஃப்', 'வென்', 'தட்', 'ஹூ' என்று ஓர் இணைப்புச் சொல்லை அதன் தலையில் வைத்து அதைச் சார்பாக்குகிறது. தமிழில் சார்பு வினையின் உருவிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் சார்பு வெளியிலிருந்து வந்து கட்டப்படுகிறது.

இந்த வேறுபாட்டைப் பள்ளிக்கூடம் சொல்வதில்லை. பெயரின் வேலையைச் செய்தால் பெயர்த் துணைவாக்கியம், பெயரைத் தழுவி நின்றால் பெயரடைத் துணைவாக்கியம், வினைக்குக் காலமோ காரணமோ நிபந்தனையோ கூறினால் வினையடைத் துணைவாக்கியம் என்ற முப்பகுப்பு, இந்திய வகுப்பறைகளில் நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்களாலும் பின்னர் 1930களில் வந்த ரென்–மார்ட்டின் நூலாலும் வேரூன்றியது. (அந்த ரென், பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றிய சாகச நாவலான 'போ ஜெஸ்ட்'டை எழுதியவர் என்பதைக் கேட்டால் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவேளை அவரை மன்னிக்கக்கூடும்.) ஆங்கில இலக்கணத்தின் வழியேதான் தமிழ் இலக்கணப் பாடங்களிலும் தனி, தொடர், கலவை என்ற வாக்கிய வகைகள் வந்தன, தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் கலவை வாக்கியம் என்று ஒன்று இல்லை. ஆங்கிலத் தேர்வில் இவ்வகைகளை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றச் சொல்லி மதிப்பெண் தருகிறார்கள்; மாணவரும் 'டூ' வந்தால் 'ஸோ... தட்' போடவேண்டும், 'இன் ஸ்பைட் ஆஃப்' வந்தால் 'ஆல்தோ' போடவேண்டும் என்று திருகாணி மாற்றுவதுபோல் மாற்றக் கற்றுக்கொள்கிறார். மாற்றியபின் வாக்கியம் யாரை எதற்குக் கட்டுகிறது என்ற கேள்வி வினாத்தாளில் இடம்பெறுவதில்லை. எச்சத்தைத் தமிழாசிரியர் ஒரு மணி நேரத்திலும், துணைவாக்கியத்தை ஆங்கில ஆசிரியர் அடுத்த மணி நேரத்திலும், அதே கரும்பலகையில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல் நடத்திவிட்டுப் போகிறார்கள்.

தொடர்பு உலை முகப்பில் தெரிகிறது. இரும்புக் கழிவை உருக்கும் இன்டக்‌ஷன் ஃபர்னஸில் ஈரமான ஸ்கிராப்போ உள்ளே நீர் தங்கிய குழாய்த் துண்டோ விழுந்தால், உருகிய உலோகத்தின் அடியில் அகப்படும் அந்த நீர் நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு விரிந்து, உலோகத்தைக் கூரைவரை வீசியெறியும். ஆகவே ஸ்கிராப் உலர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் போடக்கூடாது என்பது இத்தொழிலின் முதல் பாடம். அதை ஆங்கிலம் 'டு நாட் சார்ஜ் ஸ்கிராப் அன்லெஸ் இட் இஸ் டிரை' என்று ஏவலை முன்னும் நிபந்தனையைப் பின்னுமாக எழுதும். 'அன்லெஸ்' என்றால் 'இஃப் நாட்' என்று உரைநூலில் மனப்பாடம் செய்தவர், எதிர்மறை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பதை மறந்து இன்னொரு 'நாட்'டைச் சேர்த்து எழுதுவது தமிழர் ஆங்கிலத்தில் அடிக்கடி காணப்படும் பிழை. தமிழின் 'போகாவிட்டால்' எதிர்மறையை வினைக்குள்ளே வைத்திருப்பதால், வினையில் அது இல்லாமல் போகும்போது ஏதோ விட்டுப்போனது போலக் கைக்குத் தோன்றுகிறது. அந்த ஒரு 'நாட்' கூடினால் உலர்ந்ததைப் போடாதே, ஈரமானதைப் போடு என்று கட்டளை தலைகீழாகும். 'அன்லெஸ்' என்பதற்கு நிகராகத் தமிழில் நேரான உருவே இருக்கிறது: 'உலர்ந்திருந்தாலொழிய'. ஆங்கில வகுப்பில் 'ஒழிய' என்ற சொல் ஒருமுறை உச்சரிக்கப்பட்டிருந்தால் இந்தக் குழப்பத்தின் பாதி தீர்ந்திருக்கும்.

வரிசையும் கவனிக்கத்தக்கது. 'வடிகாலை மூடிய பிறகு வால்வைத் திற' என்ற தமிழ்த் தொடரில் சொல்லின் வரிசையும் செயலின் வரிசையும் ஒன்று. படித்தபடியே கை போகலாம். 'ஓபன் தி வால்வ் ஆஃப்டர் குளோசிங் தி டிரெய்ன்' என்பதில் கண் முதலில் சந்திப்பது 'ஓபன்'. ஆங்கிலத்தில் துணைவாக்கியத்தை முன்னுக்குக் கொண்டுவரத் தடையில்லை. 'இஃப்' என்று தொடங்கி நிபந்தனையை முதலில் கூறிவிட்டு ஏவலுக்கு வரலாம், நல்ல கையேடுகள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனாலும் இதை வைத்துத் தமிழுக்கு வெற்றிமாலை சூட்டுவது அவசரம். 'இஃப்' என்று கேட்ட மாத்திரத்தில் வரப்போவது நிபந்தனை என்று ஆங்கிலம் கேட்பவர் அறிந்துகொள்கிறார். தமிழ் கேட்பவரோ 'பிரஷர் குறைஞ்சுது' என்பது நடந்துமுடிந்த செய்தியா, நடந்தால் செய்யவேண்டியதன் முன்னுரையா என்பதை அடுத்து 'ன்னா' வரும்வரை அறியமாட்டார். இயந்திர இரைச்சலில் அந்த ஓரசை காதில் விழாமல் போவது அரிதன்று.

அந்த 'ன்னா', அதாவது 'என்றால்', ஷாப் ஃப்ளோரின் ஆங்கிலத்தில் 'மீன்ஸ்' ஆகிவிட்டது. 'பிரஷர் டிராப் மீன்ஸ், ஸ்டாப் தி மெஷின்' என்ற தொடரைக் கேட்டுப் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். தமிழில் ஒரு பகுதியைச் சார்பாக்கும் இணைப்புச் சொற்கள் அனைத்தும், என்றால், என்று, போது, பிறகு, வரை, என எதுவானாலும், தாம் இணைக்கும் பகுதியின் வாலில் நிற்பவை. ஆங்கிலத்தில் அவை தலையில் நிற்பவை. ஆங்கிலச் சொற்களை மட்டும் கையிலெடுத்த தொழிலாளி, தனக்குப் பழக்கமான வால்முனையில் நிறுத்துவதற்கு ஒரு சொல் தேடி, 'என்றால்' என்பதற்கு அகராதிப் பொருளாகக் கிடைத்த 'மீன்ஸ்' என்பதை அங்கே நட்டார். இது பிழைதான், ஆயினும் இலக்கண உணர்வு இல்லாதவர் செய்யக்கூடிய பிழை அன்று. 'இஃப்' போட்டுத் தொடங்கிவிட்டு நிபந்தனைக்குள் 'வில்' எழுதும் பட்டதாரியின் பிழையைவிட இதில் அமைப்பறிவு கூடுதல்.

எச்சங்களைப் பற்றித் தொல்காப்பியர் வகுத்த விதிகளில் ஒன்று இன்றைய விபத்து அறிக்கைக்கும் வேண்டியதாக இருக்கிறது. செய்து, செய்யூ, செய்பு என்ற முதல் மூன்று வாய்பாடுகளும் தம் வினைமுதலையே முற்றின் வினைமுதலாகவும் கொள்ளவேண்டும் என்பது அவ்விதி. வினைமுதல் என்பது செயலைச் செய்பவர். 'அவர் வால்வைத் திறந்து போனார்' என்றால் திறந்தவரும் போனவரும் ஒருவர். 'வால்வைத் திறந்து அழுத்தம் குறைந்தது' என்று எழுதினால் அழுத்தமே வால்வைத் திறந்ததாகிவிடும். 'திறக்க' என்று செயவென் எச்சமாக்கினால் வெவ்வேறு வினைமுதலுக்கு இடமுண்டு. 'மழை பெய்து நெல் விளைந்தது' போன்ற வழக்குகளை உரையாசிரியர்கள் திரிபு என்று கூறி அமைதி கண்டனர். ஆங்கில இலக்கணிகள் தொங்கும் எச்சம் என்று எச்சரிப்பது இதே இடறலைத்தான். 'ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இயந்திரம் இயங்கத் தொடங்கியது' என்ற பொருளில் 'வைல் கிளீனிங் தி ரோலர், தி மெஷின் ஸ்டார்ட்டட்' என்று எழுதப்படும் வாக்கியத்தில் துடைத்தவருக்கு எழுவாய் இல்லை, இயக்கியவருக்கும் எழுவாய் இல்லை. இயந்திரம் தன்னைத்தானே துடைத்துக்கொண்டு தானே ஓடிய காட்சி மட்டுமே மிஞ்சுகிறது. இதன் தம்பி, 'இட் வாஸ் அப்சர்வ்ட் தட்' என்று தொடங்கும் பெயர்த் துணைவாக்கியம்: இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியான கார்டு கழற்றப்பட்டிருந்தது என்பது கண்டறியப்பட்டது, கழற்றியவரும் இல்லை, கண்டறிந்தவரும் இல்லை. ஆங்கில அலுவலகம் கண்டெடுத்த இந்த மறைவிடத்தை அலுவலகத் தமிழ் 'பட்டது' போட்டு அப்படியே வாங்கிக்கொண்டது. பேச்சுத் தமிழில் இதைச் சொல்லிப்பார்த்தால் நாக்கு மறுக்கும், 'யாரு கழட்டுனது?' என்று எதிரிலிருப்பவர் உடனே கேட்டுவிடுவார்.

பெயரடைத் துணைவாக்கியத்தில்தான் விஷயம் மேலும் ஆழமாகிறது. 'பாதுகாப்புப் பயிற்சி பெறாத ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது' என்ற தமிழ்த் தொடரை இரண்டு விதமாகப் படிக்கலாம்: ஒப்பந்தத் தொழிலாளருள் பயிற்சி பெறாதவர் மட்டும் வரக்கூடாது, அல்லது ஒப்பந்தத் தொழிலாளர் எவருமே பயிற்சி பெறவில்லை, ஆகவே எவரும் வரக்கூடாது. பெயரெச்சம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது, சூழலே காட்டவேண்டும். ஆங்கில எழுத்தில் 'ஹூ' என்பதற்கு முன்னும் துணைவாக்கியத்தின் முடிவிலும் காற்புள்ளி இட்டால் அது எல்லாரையும் பற்றிய கூடுதல் செய்தி, இடாவிட்டால் சிலரை மட்டும் பிரித்தெடுக்கும் வேலி. ஒரு புள்ளிக்கு இவ்வளவு பொறுப்பைக் கொடுத்தது ஆங்கிலத்தின் துணிச்சல் என்றுதான் சொல்லவேண்டும், ஏனெனில் அம்மொழியில் எழுதப்பட்ட சட்டத்துக்குப் பொருள் காணும்போது நிறுத்தற்குறி சிறு துணையே என்று 1952இல் அஸ்வினி குமார் கோஷ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்திலேயே கூறப்பட்டது.

காற்புள்ளியை நம்பாத சட்டம் துணைவாக்கியத்தை நம்புகிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவை இலக்கணக் கண்ணோடு பார்த்தால், அது இரண்டு துணைவாக்கியங்களால் ஆன கதவு. ஓராண்டுக்குக் குறையாமல் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளி என்ற பெயரடைத் துணைவாக்கியம் யாருக்குப் பாதுகாப்பு உண்டு என்று முதலில் பிரித்தெடுத்தது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ, அதனோடு பணிபுரிந்த ஒவ்வொரு நிறைவான ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்ற இழப்பீடும் தரப்படும்வரை என்ற வினையடைத் துணைவாக்கியம் ஆட்குறைப்பைத் தடுத்து நிறுத்தியது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் முதன்மை வாக்கியம் மிகச் சிறியது: ஆட்குறைப்பு செய்யக்கூடாது. அதை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லும் தொழிற்சங்கத் துண்டறிக்கை நல்ல நோக்கத்தோடு பொய் சொல்கிறது. உரிமையின் முழு எடையும் 'ஹூ', 'அன்டில்' என்ற இரண்டு சிறு சொற்களின் மேல் இருக்கிறது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இவ்வாக்கியத்தின் எலும்பு மாறவில்லை.

அந்தப் பெயரடைத் துணைவாக்கியம் தன்னைத் தாங்க இன்னொரு துணைவாக்கியத்தைத் தேடிப்போகிறது. தொடர்பணி என்றால் என்ன என்பதற்கு 25பி பிரிவு கொடுத்த விளக்கங்களுள் ஒன்று, பன்னிரண்டு மாதத்துக்குள் 240 நாளுக்குக் குறையாமல் உண்மையாகவே வேலை செய்திருத்தல்; நிலத்தடிச் சுரங்கமானால் 190 நாள். ஆங்கிலம் ஒரு வரியும் படிக்காத ஒப்பந்தத் தொழிலாளிகூட இந்த 240ஐ அறிவார். அது நெருங்கும் நேரத்தில் பட்டியலில் பெயர் மாறுவதும், வேறு காண்டிராக்டரின் கீழ் புதிய டோக்கனோடு அதே இயந்திரத்துக்கு அனுப்பப்படுவதும் தொழிற்பேட்டைகளில் பழைய கதை. 'உண்மையாகவே வேலை செய்த' என்ற சொற்களுக்குப் பொருள் காணும் கேள்வி 1985இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, நீதிபதி சின்னப்ப ரெட்டி, சுத்தியலோ அரிவாளோ பேனாவோ கையில் பிடித்த நாட்களை மட்டும் அச்சொற்கள் குறிக்கமாட்டா, ஊதியம் தரப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறைகளும் அதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தார். ஒரு வினையடையின் எல்லையைச் சற்றே அகலப்படுத்தியதால் ஆண்டுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட நாட்கள் தொழிலாளியின் கணக்கில் ஏறின. இலக்கண வகுப்பில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஆனால் அங்கே இன்னும் நாய் பூனையைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

துணைவாக்கியம் ஆளைப் பிரிப்பது ஆலைகளோடு நிற்பதில்லை. கும்மிடிப்பூண்டியில் ஆலைகளுக்கு அப்பால், 2021 முதல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றப்பட்ட அகதி முகாம்களுள் ஒன்று இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தவரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக்கூடாது என்று ஒரு காப்புரையில் கூறிற்று. காப்புரை என்பது பிரிவின் முடிவில் 'ஆயின்' என்று தொடங்கி விலக்குத் தரும் பகுதி. தேதியைப் பற்றிய பெயரடைத் துணைவாக்கியத்தை அம்முகாமின் பெரும்பாலோர் எளிதாகக் கடந்துவிடுவர். அவர்களை வெளியே நிறுத்துவது துணைவாக்கியம்கூட அன்று, அதற்கு முன் நிற்கும் வினையற்ற ஒரு சிறு சொற்றொடர்: மூன்று நாடுகளின் பெயர்.

மீண்டும் ஆலை வாயிலுக்கு வந்தால், அங்கே தொங்கும் பலகைகளின் மொழியைப் பற்றியே ஒரு துணைவாக்கியம் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 108ஆம் பிரிவில், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையினருக்குப் புரிகிற ஒரு மொழியிலும், முதன்மை வாயிலருகே கண்ணில் படும்படி வைக்கப்படவேண்டும் என்று விதித்தது. தமிழகத்தில் அந்த இரண்டாம் மொழி தமிழ் என்பதில் அன்று எவருக்கும் ஐயம் எழ இடமில்லை. உருக்காலையின் ஒரு ஷிஃப்டில் ஒடியாவும் இந்தியும் பேசுவோர் மிகும்போது, 'புரிகிற' என்ற அந்தப் பெயரெச்சம் மெல்ல இடம் பெயர்கிறது. இந்தி, 'ஜோ' என்று தொடங்கி 'வோ' என்று பிடித்துக்கொள்ளும் இணைச் சொற்களால், ஆங்கிலம்போல் முழு வினையோடு பெயரடைத் துணைவாக்கியம் அமைக்கும் மொழி, ஒடியாவும் அவ்வகையே. தெலுங்கோ தமிழைப்போல் பெயரெச்சத்தால் அமைப்பது. இந்த வாயிலில் இருவகை இலக்கணக் குடும்பங்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரே வரிசையில் நிற்கின்றன. எவரை எண்ணிப் பெரும்பான்மை காண்பது என்ற கேள்விக்கு அச்சட்டம் தொழிலாளி என்ற சொல்லின் வரையறையில் விடை வைத்திருந்தது: நேரடியாகவோ, காண்டிராக்டர் உள்ளிட்ட எந்த இடையாளர் வழியாகவோ, முதன்மை முதலாளிக்குத் தெரிந்தோ தெரியாமலோ, உற்பத்தி வேலையில் அமர்த்தப்பட்டவர்.